முட்டி வலி என்று சொல்லும் டீன் ஏஜ் பிள்ளை: இடுப்பு மூட்டையும் ஏன் பார்க்க வேண்டும்?

ஹடப்சரில் வேலை; மகர்பட்டாவிலோ அமனோராவிலோ புர்சுங்கியிலோ வீடு. உங்களோடு தங்கிப் படிக்கும் தம்பியோ, அக்கா மகளோ, உங்கள் சொந்தப் பிள்ளையோ "கொஞ்ச நாளா முட்டி வலிக்குது" என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "விளையாடும்போது எங்கேயாவது இடிச்சிருக்கும், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்." பெரும்பாலும் அப்படித்தான் சரியாகவும் போகும்.

ஆனால் அந்த வலி மூன்று வாரம் ஆகியும் போகவில்லை, பிள்ளை ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது என்றால் கதை வேறு. முட்டி எக்ஸ்ரே நார்மல் என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. வலி தெரியும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் வேறு என்பது இடுப்பு மூட்டின் வழக்கம். இந்த வயதில் அதைக் கவனிக்காமல் விட்டால், 20-களிலேயே மூட்டுத் தேய்மானம் வரை போகலாம்.

எதைச் சந்தேகிக்க வேண்டும், எந்தப் பரிசோதனை தேவை, எப்போது உடனே ஓட வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'இடுப்பு' என்றால் எந்த இடம்?

குழப்பம் நம் மொழியிலேயே தொடங்குகிறது. தமிழில் 'இடுப்பு வலி' என்றால் பெரும்பாலும் பெல்ட் கட்டும் இடம் அல்லது முதுகின் அடிப்பகுதி. மருத்துவர் சொல்லும் இடுப்பு மூட்டு அதுவல்ல. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்காரும் இடம்தான் இடுப்பு மூட்டு. அதில் கோளாறு வந்தால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் தெரியும். கவட்டை, தொடை இடுக்கு என்று நாம் சொல்லும் இடம் அது.

புனேயில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. மருத்துவரிடம் இந்தியில் 'கமர்' வலி என்றோ, மராத்தியில் 'கம்பர்' என்றோ சொன்னால், அவர் கேட்பது முதுகு வலியை. முதுகுத்தண்டு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு நீங்கள் வீடு திரும்பலாம். இடுப்பு மூட்டுக்கு இந்தியில் 'கூல்ஹா', மராத்தியில் 'குபா'. 'ஜாங்' என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை: இந்தியில் அது தொடை, மராத்தியில் கவட்டை. மராத்தியில் தொடைக்கு 'மாண்டி' என்பார்கள்.

இவ்வளவும் நினைவில் நிற்காவிட்டால் கவலை வேண்டாம். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "நடக்கும்போது நொண்டுகிறது" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் யோசனையை மாற்றும்.

இடுப்பில் கோளாறு என்றால் முட்டி ஏன் வலிக்கிறது?

இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் சில நரம்புகள் பொது. மூட்டில் புறப்படும் வலிச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று மூளையால் துல்லியமாகப் பிரிக்க முடிவதில்லை. அதனால் இடுப்பு மூட்டுக் கோளாறு உள்ள சில பிள்ளைகளுக்கு இடுப்பில் துளிகூட வலி இருக்காது. முட்டியிலோ தொடையிலோ மட்டும்தான் வலிக்கும்.

அதனால்தான் குழந்தைகள் எலும்பு மருத்துவத்தில் ஒரு விதி உண்டு: வளரும் பிள்ளை முட்டி வலி என்று வந்தால், இடுப்பு மூட்டையும் அசைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. உங்கள் மருத்துவர் முட்டியை மட்டும் பார்த்தால், "இடுப்பு மூட்டையும் ஒருமுறை செக் பண்ணிடுங்க டாக்டர்" என்று கேட்பதில் தவறே இல்லை.

இது 'வளர்ச்சி வலி'தானே?

பெரும்பாலும் இல்லை. வளர்ச்சி வலி என்பது சிறு பிள்ளைகளுக்கு மாலையிலோ இரவிலோ இரண்டு கால்களிலும் வரும், காலையில் ஓடி ஆடுவார்கள், நொண்ட மாட்டார்கள். ஒரே பக்கம், ஒரே இடத்தில், வாரக்கணக்கில் நீடிக்கும் வலிக்கும், நொண்டலுக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது: சரிந்த தொடை எலும்புத் தலை

வளரும் பிள்ளைகளின் தொடை எலும்பில், பந்து போன்ற தலைக்கும் கழுத்துக்கும் நடுவே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு இருக்கும். கம்பத்தின் உச்சியில் ஒரு குமிழை ஒட்டி, பசை காய்வதற்குள் பாரம் ஏற்றினால் குமிழ் சரியும் அல்லவா? வேகமாக வளரும் வயதில் இந்தத் தட்டிலும் அதே போன்ற சரிவு நடக்கலாம். மருத்துவர்கள் இதை எஸ்சிஎஃப்இ என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

பெரும்பாலும் 10 முதல் 16 வயதுக்குள் வரும். பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிட ஓரிரு ஆண்டு முன்னதாக வரும். உடல் எடை கூடுதலாக இருப்பது முக்கியக் காரணி. ஆனால் ஒல்லியான பிள்ளைக்கு வராது என்று எண்ண வேண்டாம். தைராய்டு குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் கோளாறு, சிறுநீரக நோய் ஆகியவையும் காரணமாகலாம். 10 வயதுக்கு முன்போ ஒல்லியான பிள்ளைக்கோ வந்தால் இவற்றுக்கான ரத்தப் பரிசோதனை அவசியம்.

நம் ஊரில் வைட்டமின் டி-யும் கவனத்துக்கு வருகிறது. வைட்டமின் டி குறைபாட்டோடு சேர்ந்து இந்தச் சரிவு வந்த 15 பேரைப் பற்றி வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2013-ல் ஆய்வேடு வெளியிட்டார்கள். சிறிய எண்ணிக்கை, குறைபாடுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இந்தியாவில் இந்தப் பிரச்னையோடு வரும் பிள்ளைக்கு வைட்டமின் டி அளவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம்.

நடக்க முடிகிறதா, முடியவில்லையா?

இந்த ஒரு கேள்வி இவ்வளவு முக்கியம் ஆனதற்குக் காரணம் 1993-ல் அமெரிக்க மருத்துவர் ராண்டல் லோடரின் குழு வெளியிட்ட ஆய்வு. இப்படிச் சரிந்த 55 இடுப்பு மூட்டுகளை அவர்கள் பார்த்தார்கள். ஊன்றுகோல் பிடித்தாவது நடக்க முடிந்தவர்களில் ஒருவருக்குக்கூட எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று போகவில்லை. அறவே கால் ஊன்ற முடியாத நிலைக்குப் போனவர்களில் 47 சதவீதம் மூட்டுகளில் அது நடந்தது. ரத்த ஓட்டம் நின்றால் எலும்புத் தலை செத்து, நொறுங்கி, உருமாறும்.

பல வாரம் லேசாக நொண்டிக்கொண்டிருந்த பிள்ளை, ஒருநாள் படியில் கால் தவறினாலே முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போய்விடலாம். "எக்ஸாம் முடியட்டும், லீவுல ஊருக்குப் போய் காட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுவது ஆபத்தாவது இதனால்தான்.

வேறு என்னவெல்லாம் இருக்கலாம்?

விளையாட்டுக் காயம்: வேகமாக ஓடும்போதோ பந்தை உதைக்கும்போதோ 'டப்' என்று ஏதோ பிய்ந்த மாதிரி இருந்து அதன் பிறகு வலி என்றால், தசைநார் எலும்பின் சிறு துண்டைப் பெயர்த்திருக்கலாம். பெரும்பாலும் ஓய்வு, ஊன்றுகோல், பிறகு பிசியோதெரபி என்று சில வாரங்களில் சரியாகும்.

அழுத்த முறிவு: நீண்ட தூரம் ஓடுபவர்கள், தீவிரமாக நடனம் பயில்பவர்களுக்கு எலும்பில் மெல்லிய கீறல் விழலாம். குறைவாகச் சாப்பிட்டு அதிகம் பயிற்சி செய்யும் பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்று போயிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும்.

மூட்டு இடிப்பு: பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் ஒன்றோடொன்று முட்டுவது. காலை மடக்கி அதிக நேரம் உட்கார்ந்தால், குந்தி எழுந்தால், கவட்டையில் வலிக்கும். கிண்ணம் ஆழமில்லாமல் இருப்பது இதற்கு நேர் எதிரான பிரச்னை. பெண் பிள்ளைகளுக்கு அதிகம்.

பெர்த்தஸ் நோய்: எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் தானாகவே தடைபடுவது. பாடநூல்கள் இதை 4 முதல் 8 வயதுக் குழந்தைகளின் நோய் என்று சொல்லும். ஆனால் கடலோரக் கர்நாடகத்தில் இது அதிகம் என்றும், அங்கே சற்றுப் பெரிய வயதில் தொடங்குகிறது என்றும் மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர் பெஞ்சமின் ஜோசப் குழுவின் ஆய்வுகள் காட்டின.

ரத்த ஓட்டம் நிற்பதற்கு வேறு காரணங்கள்: நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்கும், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் இது வரலாம்.

மூட்டழற்சி: காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடக்க நடக்கத் தேவலை, குதிகால் வலி, கண் சிவந்து வலிப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் ருமட்டாலஜி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காசநோய்: உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலில் மட்டுமல்ல, இடுப்பு மூட்டிலும் அது வரும். இருமலே இல்லாமலும் வரும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, மெல்ல மெல்லக் கூடும் நொண்டல் இருந்தால் கவனியுங்கள்.

கட்டி: அரிதுதான். ஆனால் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஓய்வெடுத்தாலும் குறையாத வலி, வீக்கம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. இரவில் கடுமையாக வலித்து, வலி மாத்திரை போட்டதும் சட்டென்று அடங்கினால் அது ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற புற்றுநோயல்லாத சிறு கட்டியாகவும் இருக்கலாம்.

எப்போது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

- பிள்ளையால் கால் ஊன்றவே முடியவில்லை
- காய்ச்சலோடு இடுப்பு அல்லது கவட்டை வலி, காலை அசைக்கவே விடாத நிலை. மூட்டில் சீழ் பிடித்திருந்தால், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூட்டைக் கெடுக்கும்
- பல வாரம் இருந்த வலி திடீரென்று பலமடங்கு கூடியது
- பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி நடப்பது, அல்லது ஒரு கால் குட்டையாகத் தெரிவது
- வலது பக்க அடிவயிற்று வலி, வாந்தி. இது குடல்வால் அழற்சியாக இருக்கலாம்
- ஆண் பிள்ளைக்குத் திடீரென்று கவட்டையில் கடும் வலி. விதைப்பை முறுக்கிக்கொண்டால் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். வெட்கப்பட்டு 'தொடை வலி' என்று மட்டும் சொல்வார்கள். பக்குவமாகக் கேளுங்கள்

கால் ஊன்ற முடியாத பிள்ளையை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள், பைக்கில் உட்கார வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது காரில் கால் நீட்டிப் படுக்க வையுங்கள்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் நடக்கச் சொல்வார். பிறகு படுக்க வைத்துக் காலை மடக்கி, உள்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் திருப்பிப் பார்ப்பார். உள்பக்கம் திரும்ப மறுக்கும் கால் முக்கியமான அடையாளம். மடக்கும்போது தொடை தானாகவே வெளிப்பக்கம் சாய்ந்தால், சரிவுச் சந்தேகம் வலுக்கும். இதை வீட்டில் நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

அடுத்து எக்ஸ்ரே. இங்கே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, இரண்டு பக்க இடுப்பும் ஒரே படத்தில் வர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். இரண்டு, நேர்ப் படத்தோடு பக்கவாட்டுப் படமும் வேண்டும். முட்டியை மடக்கித் தவளை போலக் காலை விரித்து எடுப்பதால் இதை 'ஃபிராக் லெக்' என்பார்கள். ஆரம்பநிலைச் சரிவு நேர்ப் படத்தில் தெரியாமல் போய், இந்தப் படத்தில்தான் பிடிபடும். கால் ஊன்ற முடியாத பிள்ளைக்கு மட்டும் இப்படிக் காலை விரிக்கக் கூடாது. காலை அசைக்காமல் பக்கவாட்டிலிருந்து எடுப்பார்கள்.

காய்ச்சல் இருந்தால் ரத்த அணுக்கள், இஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகளும், மூட்டில் நீர் கோர்த்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனும் தேவைப்படும். எக்ஸ்ரே நார்மலாக இருந்தும் வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ. காசநோய்ச் சந்தேகம் என்றால் மூட்டிலிருந்து எடுத்த நீர் அல்லது திசுவில் சிபிநாட் பரிசோதனை செய்வார்கள்.

எம்ஆர்ஐ வேண்டும் என்று நீங்களாக முதலிலேயே பணம் கட்ட வேண்டியதில்லை. சரியான இரண்டு எக்ஸ்ரேக்கள் பல நேரம் பதிலைச் சொல்லிவிடும்.

சிகிச்சை என்ன?

எலும்புத் தலை சரிந்திருந்தால் மருந்தோ பிசியோதெரபியோ தீர்வு அல்ல. கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து அந்தக் காலில் பாரம் விழக் கூடாது. வீல்சேரில் அமர்த்தி, அங்கிருந்தே அட்மிட் செய்வதுதான் சரியான நடைமுறை. லேசான சரிவுக்கு, சிறு கீறல் வழியாக ஒரு ஸ்க்ரூ செலுத்தி, தலை மேலும் நகராமல் நிறுத்துவார்கள். சில வாரம் ஊன்றுகோல் தேவைப்படும். கடுமையான சரிவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். அதில் அனுபவம் உள்ள குழந்தைகள் எலும்பு மருத்துவரைத் தேடுங்கள்.

ஒரு பக்கம் சரிசெய்ததோடு முடிந்துவிடாது. கணிசமான பிள்ளைகளுக்கு மறுபக்கமும் பின்னர் சரியும், பெரும்பாலும் முதல் 18 மாதங்களுக்குள். வயது குறைவு, ஹார்மோன் கோளாறு போன்ற காரணங்கள் இருந்தால் மறுபக்கத்திலும் முன்கூட்டியே ஸ்க்ரூ போடலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். வேண்டாம் என்று முடிவானால், மறுபக்கம் கவட்டையிலோ முட்டியிலோ வலி வந்த அன்றே எக்ஸ்ரே.

மூட்டு இடிப்புக்கு அவசரமில்லை. முதலில் வலி தரும் அசைவுகளைக் குறைத்து, இடுப்பு, தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பிசியோதெரபி. குறையாவிட்டால் ஆர்த்ரோஸ்கோபி என்ற நுண்துளை அறுவை சிகிச்சை. 16 வயதுக்கு மேற்பட்ட 348 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து, 2018-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பிசியோதெரபி பெற்றவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இரு தரப்பும் முன்னேறினார்கள். அறுவை சிகிச்சைத் தரப்புக்குப் பலன் சற்று அதிகம். ஸ்கேனில் எலும்பின் வடிவம் மாறித் தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வடிவம் இருக்கும்.

மூட்டில் சீழ் என்றால் உடனடியாக அதை வெளியேற்றி ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். எலும்புக் காசநோய்க்கு 12 மாதம் அல்லது அதற்கு மேல் மாத்திரை. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூட்டழற்சிக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. சீக்கிரம் தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம்.

எதைச் செய்யக் கூடாது?

ஊரிலிருந்து போனில் ஆலோசனை வரும்: "எண்ணெய் தேய்ச்சு நல்லா உருவி விடு", "சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட காட்டு", "புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்." சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் சரிந்துகொண்டிருக்கும் எலும்புத் தலையை இழுத்து முறுக்கினால் சரிவு கூடும், ரத்தக் குழாய் அறுபடலாம். எக்ஸ்ரே பார்க்கும் வரை இழுப்பது, உருவுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். ஜிம் டிரெய்னர் சொல்லும் ஸ்ட்ரெச்சிங்கும் வேண்டாம். வலி மாத்திரையை ஓரிரு நாள் கொடுக்கலாம். வாரக்கணக்கில் கொடுத்து வலியை மறைத்து விளையாட அனுப்பக் கூடாது.

ஹடப்சரில் இருந்தால் எங்கே போவது, செலவுக்கு என்ன வழி?

உங்களுக்குத் தேவை எலும்பு மருத்துவரும் எக்ஸ்ரேயும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனை. ஹடப்சரிலேயே அப்படிப்பட்ட தனியார் மருத்துவமனைகள் உண்டு. அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போது "குழந்தைகள் எலும்பு மருத்துவர் எந்த நாளில் வருவார்?" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றால், புனே ரயில் நிலையம் அருகே பி.ஜே. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த சசூன் மருத்துவமனை.

கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்குப் பொருந்தும். உங்களோடு தங்கிப் படிக்கும் தம்பி தங்கையோ அக்கா பிள்ளையோ அதில் பெரும்பாலும் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனி பாலிசி இருக்கிறதா என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

மகாராஷ்டிராவில் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய யோஜனா, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகிய இரண்டிலும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்பதைப் பொறுத்தே எது பொருந்தும் என்பது அமையும். புனேயில் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 'ஆரோக்யமித்ரா' என்ற உதவியாளர் இருப்பார். அவரிடம் ஆவணங்களைக் காட்டிக் கேளுங்கள். கால் ஊன்ற முடியாத பிள்ளையை, காப்பீட்டுக்காக ரயிலில் ஊருக்கு அழைத்துப் போகும் யோசனை மட்டும் வேண்டாம்.

சரியான பிறகு?

மருத்துவர் சொல்லும் வரை ஓட்டம், குதித்தல் கூடாது. வளர்ச்சித் தட்டு மூடும் வரை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தேதியைத் தவற விடாதீர்கள். பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்து, தரைத்தள வகுப்பறை, பி.டி. பீரியடில் விலக்கு, இந்திய பாணிக் கழிப்பறைக்கு மாற்று ஆகியவற்றைக் கேளுங்கள். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது மறுபக்க மூட்டுக்கும் நல்லது. ஆனால் "குண்டா இருக்கிறதாலதான் உனக்கு இப்படி ஆச்சு" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அடுத்த முறை வலி வரும்போது பிள்ளை உங்களிடம் சொல்லாது. மறுபக்க மூட்டைக் காப்பாற்ற உங்களுக்கு இருக்கும் முதல் எச்சரிக்கையே அந்தச் சொல்தான்.

இப்போது உங்கள் வீட்டில் இரண்டு, மூன்று வாரமாக இடுப்பு, தொடை, முட்டி என்று ஏதாவது ஓரிடத்தில் வலியோடு ஒரு பிள்ளை இருந்தால், ஹாலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாதாரணமாக நடக்கச் சொல்லிப் பாருங்கள். நொண்டல் தெரிந்தால் விளையாட்டையும் படி ஏறுவதையும் நிறுத்துங்கள். இந்த வாரக் கடைசி வரை காத்திருக்காமல் நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.